மூன்று நாள் வலியும் மூவாயிரம் ரூபாய் டப்பாவும்

சில மாதங்களுக்கு முன்பு, பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளத்தில் உள்ள தண்டாயுதபாணி மலைக்கோயிலுக்குச் சென்றிருந்தேன். படியேறும்போது மூச்சு வாங்கியது. இறங்கும்போது எந்தச் சிரமமும் இல்லை. அறுபது வயதைக் கடந்தும் இவ்வளவு முடிகிறதே என்ற பெருமிதத்துடன் அரியலூர் திரும்பினேன். மறுநாள் காலை கட்டிலை விட்டு எழுந்தபோது தொடைகள் இறுகிப்போயிருந்தன. அதற்கு அடுத்த நாள் வலி இன்னும் கூடியது. வீட்டு வாசலில் இருக்கும் மூன்று படிகளில் இறங்குவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

என் நிலையைக் கண்ட எங்கள் தெரு இளைஞர் ஒருவர் அன்று மாலை ஒரு டப்பாவுடன் வந்தார். காவலர் தேர்வுக்காக விடியற்காலையில் ஓடிப் பழகுபவர். "ஐயா, இதைத் தண்ணீரில் கலந்து இரண்டு வேளை குடியுங்கள். நாளைக்கே வித்தியாசம் தெரியும்" என்றார். குடித்தேன். மறுநாள் வலி பாதியாகக் குறைந்தது. அதற்கு அடுத்த நாள் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பார்த்தவர்களிடமெல்லாம் அந்தப் பொடியைப் பற்றிச் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த இளைஞரின் தாயார் என்னைத் தேடி வந்தார். பருத்தி எடுக்கவும் மக்காச்சோளக் கொல்லையில் களை வெட்டவும் கூலிக்குச் செல்பவர். "ரெண்டாவது டப்பாவுக்குப் பணம் கேக்குறான் சார். மூவாயிரம் ரூபாயாம். ஏன்டா இவ்வளவு விலைன்னு கேட்டா, புரொபசர் ஐயாவே குடிச்சு குணமாயிருக்காருன்னு சொல்றான். வாங்கிக் கொடுக்கலாமா சார்?" என்றார்.

என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. 2025-26ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் ஊதியம் 336 ரூபாய். அந்தக் கணக்கில் ஒரு டப்பாவின் விலை ஒன்பது நாள் உழைப்பு. அந்த உழைப்பைச் செலவிடச் சொல்வதற்கு என்னிடம் இருந்த ஆதாரம், என் தொடை வலி போனது என்பது மட்டுமே. பொருளாதாரம் கற்பித்த முப்பது ஆண்டுகளில், ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவை எல்லாம் ஒன்றால் ஒன்று நடப்பவை ஆகா என்பதை மாணவர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அதே பிழையைத்தான் நானும் செய்திருந்தேன். ஒரு வாரம் அவகாசம் கேட்டுவிட்டு, படிக்கத் தொடங்கினேன். படித்தறிந்ததைத்தான் இங்கே பகிர்கிறேன்.

முதலில் வலியைப் புரிந்துகொள்வோம். பழக்கமில்லாத உடலுழைப்புக்குப் பின் உடனே வராமல், மறுநாள் தொடங்கி, ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் உச்சத்தை அடைந்து, ஒரு வாரத்துக்குள் தானே மறையும் தசைவலி இது. இதனைத் 'தாமதமாகத் தோன்றும் தசைவலி' என்கிறார்கள். தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர் 1902-லேயே இதை விரிவாக ஆராய்ந்து, தசையின் உள்ளே ஏற்படும் நுண்ணிய சிதைவுகளே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். ஆனால், அதன் பிறகும் பல பத்தாண்டுகளாக 'லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது' என்ற விளக்கமே பரவலாக இருந்தது. இன்றும் பல உடற்பயிற்சிக்கூடங்களில் அதையே சொல்கிறார்கள்.

அந்த விளக்கம் தவறு என்பதை 1983-ல் வெளிவந்த ஓர் எளிய ஆய்வு காட்டியது. சிலரைச் சமதளத்தில் ஓடவிட்டார்கள். அவர்களின் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடியது. ஆனால், பின்னர் தசைவலி வரவில்லை. இறக்கத்தில் ஓடியபோது லாக்டிக் அமிலம் கூடவில்லை. ஆனால், அடுத்தடுத்த நாள்களில் வலி வந்தது. செட்டிகுளத்தில் என்னைத் தண்டித்தது நான் மூச்சு வாங்க ஏறிய படிகள் அல்ல. எளிதாக இறங்கிய படிகளே. இறங்கும்போது தொடைத் தசை உடலின் பாரத்தைத் தாங்கியபடியே நீள்கிறது. சுருங்கும்போது அடையும் சேதத்தைவிட, பாரத்துடன் நீளும்போது தசை அடையும் நுண்சேதம் அதிகம். அந்தச் சேதத்தைச் சரிசெய்ய உடல் மேற்கொள்ளும் பணியின் உடன்விளைவாக நரம்பு முனைகள் கூருணர்வு பெறுகின்றன. அதைத்தான் வலியாக உணர்கிறோம்.

இந்தப் பணி முடிந்ததும் வலி தானே போய்விடும். அதுமட்டுமல்ல, அதே வேலையை மீண்டும் செய்தால், அடுத்த முறை வலி வெகுவாகக் குறைந்திருக்கும். ஒருமுறை பட்ட சிரமத்திலிருந்து தசை கற்றுக்கொள்கிறது. அந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நீடிக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இதை நான் அந்தத் தாயாரிடம் விளக்கியபோது அவர் வியப்படையவில்லை. "களைவெட்டு தொடங்குற மொத ரெண்டு நாளு இடுப்பும் தொடையும் விட்டுப்போவும். அப்புறம் தானா பழகிடும்" என்றார். ஆய்வகங்கள் கண்டடைந்தது, எங்கள் ஊர்க் கூலித் தொழிலாளர்கள் ஒவ்வொரு பட்டத்திலும் உடம்பால் அறிந்திருந்ததுதான்.

இங்கேதான் பொருளாதாரம் நுழைகிறது. தானே குணமாகும் ஒரு வலிக்கு விற்கப்படும் பொருள், வணிகருக்குக் கிடைத்த வரம். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் எவரும் நிவாரணம் தேடுவார்கள். உச்சத்துக்குப் பின் வருவது இறக்கமே. அப்போது எதைக் குடித்திருந்தாலும், அதுவே குணப்படுத்தியதாகத் தோன்றும். வெறும் சர்க்கரைத் தண்ணீரை வண்ணக் குவளையில் கொடுத்திருந்தாலும் எனக்கு நான்காம் நாள் வலி போயிருக்கும்.

பிலிப் நெல்சன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970-ல் பண்டங்களை இருவகையாகப் பிரித்தார். வாங்கும் முன்பே பார்த்துத் தரம் அறியக்கூடியவை முதல் வகை. சந்தையில் சின்ன வெங்காயத்தை விரலால் அழுத்திப் பார்க்கிறோம்; ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வியாபாரி பருத்தியின் இழையைப் பிரித்துப் பார்த்து விலை சொல்கிறார். பயன்படுத்திய பிறகே தரம் தெரிபவை இரண்டாம் வகை. விதை முளைக்குமா என்பது விதைத்த பின்னரே தெரியும். 1973-ல் டார்பி, கார்னி என்ற இருவர் மூன்றாவது வகை ஒன்றைச் சேர்த்தனர். பயன்படுத்திய பிறகும் நுகர்வோரால் தரத்தை அறிய முடியாத பண்டங்கள் அவை. இவற்றை 'நம்பிக்கைப் பண்டங்கள்' எனலாம். தசைவலிக்கான துணை உணவுகள் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. குடித்தவருக்கும் அது வேலை செய்ததா என்று தெரியாது. எனவே, இந்தச் சந்தையில் தரத்தைவிட வாக்குறுதியே விலைபோகிறது. பயிற்சி தருபவரே டப்பாவையும் விற்கும் இடங்களில், ஆலோசனை எங்கே முடிகிறது, விற்பனை எங்கே தொடங்குகிறது என்பதை ஒரு கிராமத்து இளைஞரால் பிரித்தறிய முடியாது.

தனிமனித அனுபவத்தால் அறிய முடியாததை அறிவதற்கு ஒரே வழி, ஒரு குழுவினருக்கு மருந்தையும் மற்றொரு குழுவினருக்குப் போலி மருந்தையும் கொடுத்து, யாருக்கு எது என்று தெரியாமல் ஒப்பிடும் ஆய்வு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் 'காக்ரேன்' அமைப்பு, ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகள் என்று விற்கப்படும் வைட்டமின்-சி, வைட்டமின்-ஈ, செர்ரிச் சாறு போன்றவை தசைவலியைக் குறைக்கின்றனவா என்பதை 2017-ல் தொகுத்து வெளியிட்டது. 50 ஆய்வுகள், 1,089 பங்கேற்பாளர்கள். முடிவு: போலி மருந்துக்கும் இவற்றுக்கும் இருந்த வேறுபாடு, ஒருவர் தன் உடலில் உணரத்தக்க அளவை எட்டவில்லை. ஆய்வுகளில் கொடுக்கப்பட்ட அளவுகளோ அன்றாடத் தேவையைவிட அதிகமானவை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வைட்டமின்-சி, ஈ ஆகியவற்றைப் பேரளவில் உட்கொண்டால், பயிற்சியால் தசையில் ஏற்பட வேண்டிய நல்ல மாற்றங்களே தடைபடக்கூடும் என்று நார்வே நாட்டில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வு எச்சரித்தது.

மற்றவை? பிசிஏஏ எனப்படும் மூன்று அமினோ அமிலங்களின் கலவை சிறிதளவு வலியைக் குறைப்பதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால், அவை பெரும்பாலும் சிறு ஆய்வுகள். போதிய புரதம் உண்பவருக்கு அந்த மூன்று அமிலங்களும் உணவிலிருந்தே கிடைத்துவிடும். கிரியேட்டின் குறுகிய நேர வலிமையைக் கூட்டுவதற்குச் சான்றுகள் உண்டு. வலியைப் போக்கும் என்பதற்கு அத்தகைய உறுதியான சான்றுகள் இல்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் பற்றிய சிறு ஆய்வுகள் ஓரளவு நம்பிக்கை அளிக்கின்றன. ஆனால், குழம்பில் போடும் மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே உண்டு. அதுவும் குடலில் எளிதாக உறிஞ்சப்படுவதில்லை. அதை ஈடுகட்டச் செறிவூட்டித் தயாரிக்கப்படும் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவுசெய்திருக்கிறார்கள். நம் பாட்டிமார் தந்த பாலும் மஞ்சளும் வேறு. இந்த மாத்திரை வேறு.

இனி டப்பாவின் உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி. இந்தியாவில் விற்கப்படும் 36 புரதப் பொடிகளைக் கேரளத்தைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் சிரியாக் ஏபி பிலிப்ஸும் அவருடைய குழுவினரும் சோதித்து, 2024-ல் 'மெடிசின்' ஆய்விதழில் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ 70 விழுக்காட்டுப் பொடிகளில், அட்டையில் சொன்ன புரத அளவுக்கும் உள்ளே இருந்ததற்கும் பொருத்தமில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. சுமார் 14 விழுக்காட்டில் பூஞ்சை நச்சான அஃப்ளடாக்சினும், 8 விழுக்காட்டில் பூச்சிக்கொல்லி எச்சமும் காணப்பட்டன. அதே 2024-ல் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தசையை வளர்க்கப் புரதப் பொடிகளை நாடுவதைத் தவிர்க்குமாறு அதில் அறிவுறுத்தியது.

உரிமம் பெற்ற பொருள்தானே என்று சிலர் கேட்கலாம். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின்கீழ் இவை மருந்தாக அல்ல, உணவாகவே கருதப்படுகின்றன. டப்பாவில் அச்சிடப்பட்டிருக்கும் 14 இலக்க எண், தயாரிப்பவர் உரிமம் பெற்றவர் என்பதையே சொல்கிறது. அந்தப் பொடி வலியைப் போக்கும் என்று யாரோ சோதித்துச் சான்றளித்ததாக அதற்குப் பொருள் இல்லை. மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகமும் அதே அட்டையில் ஒரு மூலையில் இருக்கும். எங்கள் பகுதி விவசாயி சான்று விதை வாங்கினால், முளைப்புத்திறன் சோதிக்கப்பட்டதற்கான அட்டை பையில் தைக்கப்பட்டிருக்கும். நிலத்தில் போடும் விதைக்கு இருக்கும் உறுதிகூட, மகனின் வயிற்றுக்குள் போகும் பொடிக்கு இல்லை.

புரதமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிதைந்த தசையைச் சீரமைக்கப் புரதம் தேவை. ஆனால், அதற்குக் கணக்கு உண்டு. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு பரிந்துரைக்கும் அளவு. கடும் பயிற்சி மேற்கொள்பவருக்கு இது கூடும், ஆனாலும், 1.6 கிராமுக்கு மேல் உண்பதால் தசை வளர்ச்சிக்குக் குறிப்பிடத்தக்க கூடுதல் பயன் இல்லை என்பதே ஆய்வுகளின் பொதுவான முடிவு. அறுபது கிலோ எடையுள்ள இளைஞருக்கு இது ஐம்பது கிராமிலிருந்து அதிகபட்சம் 96 கிராம் வரை. மூன்று முட்டையில் சுமார் 18 கிராம். ஒரு கைப்பிடி, அதாவது ஐம்பது கிராம் நிலக்கடலையில் 12 கிராம். அரை லிட்டர் பாலில் 16 கிராம். ஐம்பது கிராம் கொள்ளைச் சுண்டலாக்கினால் 11 கிராம். சோறும் சாம்பாரும் தருவதைச் சேர்த்தால் தேவை ஏறக்குறைய நிறைவேறிவிடும். நியாயவிலைக் கடையில் 30 ரூபாய்க்குத் தரப்படும் ஒரு கிலோ துவரம்பருப்பில் 200 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. மூவாயிரம் ரூபாய் டப்பாவில் ஒரு கிராம் புரதத்தின் விலை நான்கு ரூபாயைத் தாண்டுகிறது. முட்டையில் ஏறத்தாழ ஒரு ரூபாய். நிலக்கடலையில் அதற்கும் குறைவு. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் விளையும் பயறும் கடலையும் எந்த விளம்பரத்திலும் வருவதில்லை என்பதற்காக அவை சத்தற்றவை ஆகிவிடா.

அப்படியானால் வலிக்கு என்னதான் செய்வது? நேர்மையாகச் சொன்னால், பெரிதாகச் செய்ய ஒன்றும் இல்லை. பயிற்சிக்கு முன்போ பின்போ தசைகளை இழுத்து நீட்டுவதுகூட இந்த வலியைப் பொருட்படுத்தத்தக்க அளவில் குறைப்பதில்லை என்று 2011-ல் வெளியான மற்றொரு காக்ரேன் தொகுப்பு கூறுகிறது. உடம்பைப் பிடித்துவிடுவதால் சிறிது பயன் உண்டு. மெதுவாக நடப்பதும் வெந்நீர் ஒத்தடமும் அந்த நேரத்துக்கு இதம் தரும். நல்ல உறக்கம் வேண்டும். எல்லாவற்றையும்விடச் சிறந்த வழி, சுமையைப் படிப்படியாகக் கூட்டுவது. காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிடங்களுக்குள் ஓட வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு ஒரே வாரத்தில் அந்த வேகத்தைப் பிடிக்க முயல்பவருக்குத்தான் வலி தாங்க முடியாததாகிறது. அவரைத்தான் டப்பாவும் எளிதாகப் பிடிக்கிறது. எனினும், ஓர் எச்சரிக்கை: கடும் பயிற்சிக்குப் பின் தசை மிகவும் வீங்கினாலோ, சிறுநீர் கரும்பழுப்பு நிறமாக வெளியேறினாலோ, அது சாதாரண வலி அல்ல. தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலையாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அந்தத் தாயாரிடம் இவற்றை விளக்கிக்கொண்டிருந்தபோதுதான், உங்கள் வலிக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். வலிநிவாரணி. கடையில் கேட்டால் கொடுப்பார்களாம். வேலை அதிகமாக இருக்கும் நாளில் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. டைக்ளோஃபினாக் போன்ற இந்த மாத்திரைகளை மருத்துவர் ஆலோசனையின்றி நெடுங்காலம் எடுத்துக்கொண்டால் இரைப்பைப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். உச்சி வெயிலில், உடலின் நீர் வற்றிய நிலையில் உழைப்பவருக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல். மகனின் வலிக்கு மூவாயிரம் ரூபாய். தாயின் வலிக்குச் சில்லறைக் காசில் ஒரு மாத்திரை. இரண்டிலும் இவர்களுக்கு வழிகாட்ட யாரும் இல்லை. விற்பவர் மட்டுமே இருக்கிறார்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. துணை உணவுகளின் மாதிரிகளை உணவுப் பாதுகாப்புத் துறை தொடர்ந்து சோதித்து, தயாரிப்பின் பெயரோடும் தொகுதி எண்ணோடும் முடிவுகளைப் பொதுவெளியில் வைக்க வேண்டும். எச்சரிக்கை வாசகங்கள் தமிழிலும், படிக்கத்தக்க எழுத்திலும் இருக்க வேண்டும். காவலர் தேர்வுக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்கும் இளைஞர்கள் பயிற்சி பெறும் மைதானங்களுக்கு மாதம் ஒருமுறை அரசு மருத்துவமனையிலிருந்து ஒரு மருத்துவரோ உணவியல் வல்லுநரோ வந்து பேசலாம். போட்டிகளில் பங்கேற்பவருக்கு இது இன்னும் முக்கியம். கலப்படப் பொடியால் தடைசெய்யப்பட்ட மருந்து உடலில் கண்டறியப்பட்டால், தெரியாமல் உட்கொண்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உடலில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் ஊக்கமருந்து தடுப்பு விதி. வலிநிவாரணிகள் மருத்துவர் சீட்டின்றி விற்கப்படுவதையும் கண்காணிக்க வேண்டும்.

அந்த இளைஞரையும் அழைத்துப் பேசினேன். டப்பா என்னைக் குணப்படுத்தியது என்று சொன்னது என் தவறு என்பதை ஒப்புக்கொண்டேன். "அப்படியானால் எனக்கும் வலி தானாகத்தான் போனதா ஐயா?" என்று கேட்டார். "அடுத்த முறை எதுவும் குடிக்காமல், எத்தனை நாளில் போகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்" என்றேன். எண்ணிப் பார்த்திருக்கிறார். மூன்று நாள்.

இரண்டாவது டப்பா வாங்கப்படவில்லை. அந்தப் பணத்தில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு, தாயாரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று சிறுநீரகப் பரிசோதனை செய்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.